கணு ஒடியாத புல்: லிம் சூ காங் தொழுவத்தில் சூடேறிய 186 பேல்கள்

2014 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. சீனப் புத்தாண்டின் மூன்றாம் நாள். சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் இருக்கும் சித்தப்பாவின் மாட்டுத் தொழுவத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். வண்டியை விட்டு இறங்கியதும் வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனை. பிள்ளைகள் மூக்கை விரித்து இழுத்தார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. ஜூரோங்கில் கிடங்குப் பாதுகாப்பு வேலையில் இருப்பவன் நான். காய்ந்த சரக்கு அடுக்கியிருக்கும் இடத்தில் இனிப்பு வாசனை வந்தால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

ஒரு வாரத்துக்குள் கட்டி அடுக்கிய காய்ந்த புல் பேல்கள், அதாவது இறுக்கிக் கட்டிய புல் கட்டுகள், 186, கொட்டகையின் கிழக்கு மூலையில் தார்ப்பாய் போர்த்தி நின்றன. வாசனை அங்கிருந்துதான் வந்தது. அவை எப்படிச் சூடேறின, எங்கே தப்பு செய்தோம், அப்புறம் என்ன மாற்றினோம் என்பதைத் தேதி வாரியாக எழுதுகிறேன். வேலையிடத்தில் ஒரு விபத்து நடந்தால் இப்படித்தான் எழுதி வைப்போம். வீட்டுத் தொழிலுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

இந்த ஊரில் எதற்குப் புல்லைக் காய வைக்க வேண்டும் என்ற கேள்வி வரும். தாத்தா சிராங்கூன் ரோடு பக்கம் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். அந்த வட்டாரம் மாட்டு வியாபாரத்தால் வளர்ந்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று தெருப்பெயர்களிலேயே எருமை நிற்கிறது. பெலிலியோஸ் ரோடு மாட்டு வியாபாரி ஒருவரின் பெயர்தான். ஊர் வளர வளர மாடுகள் வெளியே போயின. எங்கள் குடும்பத்தில் தொழுவம் வைத்திருப்பது இப்போது சித்தப்பா ஒருவர்தான். அந்த வருஷம் 34 உருப்படி, கறவையில் 18. தினமும் அறுத்த பச்சைப்புல், சோயாபீன் சக்கை, தவிடு, கூடவே வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் லூசர்ன் (குதிரைமசால்) பேல். இந்தப் பேல்தான் பணத்தைத் தின்றது. இங்கே கிடைக்கும் புல்லில் கொஞ்சத்தையாவது காய வைத்துக் கட்டிவிட்டால் வாங்குவதைக் குறைக்கலாம் என்பது சித்தப்பாவின் பல வருஷ ஆசை.

ஆசைக்கு வானம் இடம் கொடுக்காது. சிங்கப்பூரில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,100 மில்லிமீட்டர் மழை. மழை விழுகிற நாட்கள் மட்டும் 170 பக்கம் வரும். காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். புல் காய்வதற்கு வசதியான நேரம் ஒரு நாளில் ஐந்தாறு மணிதான். மற்ற நேரமெல்லாம் காய்ந்த புல் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

2014 ஜனவரியில் வானம் மாறியது. போகியன்று, 13ஆம் தேதி, மழை நின்றது. பொங்கல் போனது, மாட்டுப் பொங்கல் போனது, 17ஆம் தேதி தைப்பூசக் காவடிகளும் போயின. ஒரு தூறல்கூட இல்லை. அந்த வறட்சி பிப்ரவரி 8 வரை 27 நாள் நீடித்தது. அதுவரை பதிவானவற்றில் அதுவே மிக நீண்டது என்று பிறகு வானிலை ஆய்வு நிலையம் அறிவித்தது. அது எங்களுக்கு அப்போது தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இப்படி ஒரு வெயில் இனி எப்போது கிடைக்குமோ.

அறுப்பு இரண்டு கட்டமாக நடந்தது. ஜனவரி 20 முதல் 22 வரை, வேலியோரத்திலும் பக்கத்துப் பண்ணைக்காரரின் தரிசிலும் நின்ற கினியா புல். அவரிடம் கேட்டுத்தான் அறுத்தோம். மெல்லிய தண்டு, நீளமான இலை. அது நன்றாகக் காய்வதைப் பார்த்துத் துணிச்சல் வந்தது. 24, 25 தேதிகளில் சொந்த நிலத்து நேப்பியரையும் சாய்த்தார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, அடித்தண்டு கட்டை விரல் பருமன் இருந்த புல் அது. எல்லாவற்றையும் சிமெண்ட் தளத்திலும் கட்டாந்தரையிலும் பரப்பி, காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை கோலால் புரட்டினார்கள்.

பேல் கட்டும் இயந்திரம் எங்களிடம் இல்லை. சித்தப்பாவே பலகையில் இரண்டு பெட்டிகள் அடித்திருந்தார். உள்ளளவு 90 செண்டிமீட்டர் நீளம், 45 அகலம், 35 உயரம். இயந்திரம் கட்டும் சின்னச் சதுர பேலுக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். பெட்டிக்குள் குறுக்கே இரண்டு கயிறு போட்டு, புல்லை அள்ளிப் போட்டு, ஒருவர் ஏறி மிதிக்க வேண்டும். மறுபடி அள்ளி, மறுபடி மிதி. நிரம்பியதும் கயிற்றை இழுத்து முடிந்து, பெட்டியைத் தூக்கினால் பேல் தனியே நிற்கும். ஒன்று 14 கிலோ பக்கம் வந்தது. 27ஆம் தேதி தொடங்கி மூன்று நாளில் நான்கு பேர் 186 கட்டினார்கள். அதில் கினியா 112, நேப்பியர் 74.

நேப்பியரைக் கட்டியது 29ஆம் தேதி. அறுத்து நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலை நடந்தது முழுசாக எனக்குத் தெரியவே ஒரு மாதம் பிடித்தது. தொழுவத்தில் வேலை பார்க்கும் தம்பி புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். வைக்கோல் போர் போடுகிற குடும்பம். ஏழரை மணிக்குப் பெட்டியை எடுத்தபோது அவர் நேப்பியர் தண்டு ஒன்றைக் கணுவில் பிடித்து மடக்கிப் பார்த்திருக்கிறார். "முதலாளி, கணு ஒடியல, மடங்குது. இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பா இலையைக் கசக்கிக் காட்டியிருக்கிறார். இலை நொறுங்கியது. "இதுக்கு மேல என்னப்பா காயணும்?" என்று கேட்டிருக்கிறார்.

அவசரத்துக்குக் காரணம் லாரி. புல்லை வயலிலிருந்து கொட்டகைக்கு ஏற்றிவர அண்டைக் கீரைப் பண்ணை அங்கிளின் லாரியை இரவல் வாங்கியிருந்தோம். 30ஆம் தேதி சீனப் புத்தாண்டுக்கு முதல்நாள். கீரை வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நாள். விடியற்காலையில் லாரி அவருக்கு வேண்டும். அவர் கேட்டது நியாயம், சித்தப்பா வாக்குத் தவறாதவர். அதனால் பனி காயாத நேரத்தில், தண்டு காயாத புல் பெட்டிக்குள் போனது.

சரி, அடுக்கிய விதம். மூலையில் வெறும் சிமெண்ட் தரைமேல் கினியா பேல்களை முதலில் போட்டார்கள். சுவரோரமும் கினியா. நடுவில் நேப்பியர். அதன் மேல் மீண்டும் கினியா. ஆறு அடுக்கு, இடைவெளியே இல்லை. புத்தாண்டு விடுமுறையில் ஆள் இருக்காது, மழை வந்துவிட்டால் என்ன செய்வது என்று 30ஆம் தேதி மாலை தார்ப்பாயைச் சுற்றிப் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கினார்கள். செய்த ஒவ்வொன்றும் அக்கறையோடு செய்தது. அதனால்தான் தப்பு கண்ணில் படவில்லை.

மூன்று நாள் கழித்து நான் வந்து தார்ப்பாயை அவிழ்த்தேன். உட்புறம் முழுக்க நீர்த்துளி. மேல் பேலில் கை வைத்தால் ஈரம், லேசான கதகதப்பு. தம்பி ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். ஊரில் வைக்கோல் போரில் செய்வது போல நடுவில் சாய்வாக இறக்கி, இருபது நிமிஷம் விட்டு உருவினார். நுனியைத் தொட்டவர் உடனே கையை உதறினார். எரு மேட்டுக்காக வாங்கி வைத்திருந்த நீள முள் வெப்பமானி ஒன்று இருந்தது. கினியா இருந்த சுவரோரத்தில் அது 39 டிகிரி காட்டியது. ஒரு மீட்டர் தள்ளி, நேப்பியரின் நடுவில் 64.

இந்த எண்களுக்கு என்ன பொருள் என்று சொல்லிவிட வேண்டும். அறுத்த புல் உடனே சாவதில்லை. ஈரம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை அது மூச்சு விடும், தன் சர்க்கரையைத் தானே எரிக்கும், சூடு தரும். அதற்குப் பிறகும் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். கட்டிய சில நாட்களில் கொஞ்சம் சூடேறித் தணிவது இயல்பு. 55 டிகிரி தொட்டால் ஒரு நாளில் பல முறை பார்க்க வேண்டும். 65 தாண்டினால் அபாயம். அதற்கு மேல் நுண்ணுயிர்களே செத்துவிடும், ஆனால் வேதிவினை தானாகச் சூட்டை ஏற்றிக்கொண்டு போகும். 80ஐ நெருங்கினால் உள்ளே கங்கு இருக்கலாம். அந்த நிலையில் பேலை இழுத்தால் காற்று புகுந்து பற்றிக்கொள்ளும்.

நாங்கள் 64இல் நின்றோம். மாடுகளை மேற்குப் பக்கக் கொட்டிலுக்கு மாற்றினோம். தண்ணீர்க் குழாயை இழுத்து, தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்து, ஒருவர் கையில் கொடுத்தோம். அடுக்கின் மேல் நேராக ஏறக்கூடாது என்று சொல்லிப் பலகை போட்டோம். உள்ளே வெந்து குழியாகியிருந்தால் கால் இறங்கிவிடும். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, திறந்த வெளியில் ஒன்றுக்கொன்று எட்டாமல் பரப்பினோம். மாலை ஐந்துக்குத் தொடங்கி ஒன்பதேகாலுக்கு முடிந்தது. ஒரு முடிவைப் பற்றி இன்றும் எனக்கு உறுத்தல் உண்டு. தீயணைப்புக்கு 995 அழைத்து, அவர்கள் வந்து நின்ற பிறகே கை வைத்திருக்க வேண்டும். இன்னும் நாலைந்து டிகிரி கூடியிருந்தால் எங்கள் கணக்கு தப்பியிருக்கும். அந்த மாதம் தீவே காய்ந்து கிடந்தது, புல்வெளிகள் அங்கங்கே பற்றிக்கொண்டிருந்தன.

நடுப் பேல் ஒன்றின் கயிற்றை அறுத்தபோது பார்த்ததை மறக்க முடியாது. வெளியே வைக்கோல் நிறம். ஒரு சாண் உள்ளே புகையிலை நிறம். நட்ட நடுவில் காபித்தூள் நிறம், கையில் எடுத்தால் உதிர்கிறது, ஆவி பறக்கிறது. அதே கைப்பிடியில் ஒரு தண்டை எடுத்துக் கணுவில் நகத்தால் சுரண்டினேன். மேல்தோல் மெல்லிய நாராக உரிந்து வந்தது, உள்ளே பச்சை. கட்டி நான்கு நாள் கழித்தும் கணு காயவில்லை. தம்பி ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார். "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றார் சித்தப்பா. அவர் அப்படி ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த இரண்டு நாளில் எல்லாப் பேலையும் பிரித்து எண்ணினோம். நேப்பியர் 74இல் 17 உள்ளே வெந்து பழுப்பாகியிருந்தன. 39இல் பூஞ்சை வாசனை, தட்டினால் வெள்ளைத் தூசி. 18 தேறின. கினியா 112இல் 103 நன்றாக இருந்தன. கெட்டது 9 மட்டும், அந்த ஒன்பதும் தரையைத் தொட்ட அடி வரிசை.

இந்தக் கணக்கே காரணங்களைப் பிரித்துக் காட்டிவிட்டது. அதே வெயில், அதே ஆட்கள், அதே பெட்டி, அதே தார்ப்பாய். ஆனாலும் சூடேறியது நேப்பியர் மட்டும். முதல் காரணம் தண்டு. இலை மெலிது, ஒரே பிற்பகலில் காய்ந்துவிடும். கட்டை விரல் பருமன் தண்டின் ஈரம் வெளியேற வழியில்லை. பெரிய பண்ணைகளில் அறுக்கும்போதே உருளைகளுக்கு நடுவில் விட்டுத் தண்டை நசுக்குவார்கள், அப்போதுதான் இலையும் தண்டும் சேர்ந்து காயும். எங்களிடம் அந்த உருளை இல்லை. அப்படியிருக்க, நேப்பியரை முழுசாகக் காய வைக்க நினைத்ததே தவறு என்பது என் முடிவு. அதை நறுக்கிப் பச்சையாகப் போட வேண்டும்.

இரண்டாவது, கட்டிய நேரம். காலை ஏழரைக்கு இலையை நொறுக்கிப் பார்த்தால் நொறுங்கும்தான். ஆனால் குவியலின் அடியில் இரவுப் பனி அப்படியே இருக்கும். மூன்றாவது தார்ப்பாய். மழை வராத வாரத்தில் அது ஆவியை வெளியே விடாத மூடியாக மட்டுமே வேலை செய்தது. நான்காவது சிமெண்ட் தரை. குளிர்ந்த தரையில் சூடான பேலின் ஈரம் போய் நிற்கும், ஒன்பது கினியா பேல் போனது அதனால்தான். லாரியை நான் காரணமாகச் சேர்க்கவில்லை. லாரி திரும்பிப் போகும் என்று ஒரு வாரம் முன்பே தெரியும். நேப்பியரை அறுக்காமலே விட்டிருக்கலாம்.

வெந்த பேலை மாடு ஆசையாகத் தின்னும், அந்த இனிப்பு வாசனைக்கு. ஆனால் அந்தச் சூட்டில் புரதம் சர்க்கரையோடு கெட்டியாகப் பிணைந்துவிடும், வயிற்றில் செரிக்காமல் அப்படியே வெளியே போகும். அதனால் 17ஐயும் எரு மேட்டில் போட்டோம். பூஞ்சைப் பேலைப் பற்றிச் சித்தப்பாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. உதறி வெயிலில் போட்டுக் கிடேரிகளுக்குக் கொடுக்கலாம் என்றார் அவர். வெயில் பூஞ்சையின் வாசனையைத்தான் எடுக்கும். சில பூஞ்சைகள் சினை மாட்டைக் கன்று வீச வைக்கும். அந்தத் தூசியைத் தொடர்ந்து மூச்சில் இழுத்தால் மனுஷ நுரையீரலும் கெடும், அதற்கு உழவர் நுரையீரல் நோய் என்றே பெயர். கடைசியில் சித்திதான் தீர்த்து வைத்தார்: "சினை மாடு ஏழு நிக்குது, இதுல என்ன பேச்சு?" 39ஐயும் முகக்கவசம் போட்டுக்கொண்டு எரு மேட்டுக்கு அனுப்பினோம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தப்பித்ததற்குக் காரணம் எங்கள் சாமர்த்தியம் இல்லை, பேலின் அளவு. 14 கிலோ. சித்தியும் தூக்கினார், என் பதினான்கு வயசு மகனும் தூக்கினான். இதுவே டிராக்டர் வைத்து நகர்த்தும் பெரிய உருளைப் பேலாக இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் ஐந்து பேர் என்ன செய்திருக்க முடியும்? சின்னப் பேல் கட்ட நேரம் பிடிக்கும், கை வலிக்கும், எண்ணிக்கை பெருகும். ஆனால் சூடேறும் அடுக்கைக் கையாலேயே பிரித்துவிடலாம். எங்கள் மாதிரி வீட்டு ஆட்களை நம்பி நடக்கும் தொழுவத்துக்கு அதைவிடப் பெரிய காப்பு இல்லை.

பிப்ரவரி முழுக்க வறண்டே கிடந்தது. சாங்கியில் அந்த மாத மழை 0.2 மில்லிமீட்டர். 1869 முதல் உள்ள பதிவுகளில் அவ்வளவு வறண்ட மாதம் வேறில்லை. தரிசில் மிச்சமிருந்த கினியாவை மாதக் கடைசியில் மறுபடி அறுத்தோம். இந்த முறை தம்பி சொல்லும் நாளில்தான் கட்டுவது என்று பேச்சு. குவியலின் அடியிலிருந்து பத்துத் தண்டு உருவி, கணுவில் ஒடித்துப் பார்ப்பார். பத்தும் சத்தத்தோடு ஒடிய வேண்டும். நான் உப்புச் சோதனையும் செய்தேன். மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் நறுக்கிய புல் ஒரு கைப்பிடி, காய்ந்த கல்லுப்பு இரண்டு கரண்டி, இரண்டு நிமிஷம் குலுக்கல். உப்பு தனித்தனியாக உருண்டால் கட்டலாம், பிசுபிசுத்து ஒட்டினால் கூடாது. இரண்டாம் நாள் ஒட்டியது. மூன்றாம் நாள் மதியம் உருண்டது.

காலை பதினொன்றுக்கு முன் பெட்டியைத் தொடவில்லை, நான்கு மணிக்கு மேல் கட்டவில்லை. சரக்கு அடுக்கும் பழைய பேலட்டுகளைத் தரையில் போட்டு, அடி வரிசையைக் கயிறு பக்கவாட்டில் வருமாறு ஒருக்களித்து நிறுத்தினோம். பேலுக்குப் பேல் ஒரு கை நுழையும் இடைவெளி, சுவரிலிருந்து இரண்டடி, நான்கு அடுக்குக்கு மேல் இல்லை. தார்ப்பாய் கொட்டகையின் மழை அடிக்கும் பக்கம் மட்டும் தொங்கியது. மூன்று வாரம் காலையும் மாலையும் வெப்பமானி குத்தி, கதவில் ஒட்டிய தாளில் எழுதினோம். 96 பேல்கள். ஏறியதில் உச்சம் 41 டிகிரி, ஐந்தாம் நாள். பத்தாம் நாளில் கொட்டகைக் காற்றின் சூட்டுக்கே இறங்கிவிட்டது.

ஏப்ரலில் பிற்பகல் இடிமழை தொடங்கியதும் இன்னொன்று புரிந்தது. நன்றாகக் காய்ந்த பேலும் இந்தக் காற்றில் சும்மா இருப்பதில்லை. ஓரங்கள் தளர்ந்தன, ஒடிந்த தண்டு மறுபடி மடங்கத் தொடங்கியது. மூன்றாம் வாரத்தில் வெளி வரிசை இரண்டு பேலில் லேசான புழுங்கல் வாசனை. அன்றிலிருந்து வெளி வரிசையை முதலில் எடுத்துப் போட்டோம், மே முதல் வாரத்துக்குள் எல்லாம் தீர்ந்தது. இங்கே கட்டும் பேலை எட்டு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று அப்போது முடிவானது.

லூசர்ன் செலவு அந்த இரண்டு மாதம்தான் குறைந்தது. இப்போதும் பெரும்பாலும் கப்பல் பேல்தான். ஆனால் தை பிறந்து இரண்டு வாரம் மழை நின்றால் சித்தப்பா பெட்டிகளை வெளியே எடுத்துப் பலகைகளைத் தட்டிப் பார்ப்பார். ஊருக்குப் போய்விட்ட தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தண்டைக் காதருகில் வைத்து ஒடித்து, "கேக்குதாப்பா?" என்பார்.